ஏரிக்கரைப் பாக்கி

வக்கீல் வந்தபோது சிலிண்டர் எண்ணிக்கொண்டிருந்தேன்.
பெக்கான் லாலாங்கில்
சவப்பெட்டிக் கடைக்கு அடுத்த அஞ்சடி எங்களுடையது.
மிஸ் ஃபோங் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்,
கோவில் என்று நினைத்தாளோ என்னவோ.

ஏரியில் யாருக்கெல்லாம் கேஸ் போடுகிறீர்கள் என்றாள்.
எத்தனை வருஷமாக என்றாள்.

தாசிக் கெலுபியைச் சுற்றி ஐந்து குடியிருப்பு.
எல்லாம் செமெலாய் ஆட்கள்.
நாலுக்குப் பேர் உண்டு.
ஐந்தாவது வரைபடத்தில் இல்லை,
என் புத்தகத்தில் 'அக்கரை'.
சடக்கு முடியும் இடத்தில் லோரி நின்றுவிடும்,
மிச்சத்தைப் படகு பார்த்துக்கொள்ளும்.
ரிசர்வ் என்று சர்க்கார் நட்ட பலகை
போன வருஷம் மட்டும் இரண்டு தடவை நகர்ந்தது.
செம்பனை இப்போது
தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நிற்கிறது.

காலி நிலம் என்கிறது கம்பெனி.
நேற்று வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்கிறது.
பாத்தின் லிமுன் டுரியான் மரங்களைக் காட்டினாராம்.
மரம் வயதைச் சொல்லும்,
நட்டவன் பேரைச் சொல்லுமா என்றார்களாம்.

அப்பாவின் கடன் புத்தகத்தை இறக்கினேன்.
பதினொன்று இருந்தது. இரண்டைக் கரையான் தின்றிருந்தது.

*எண்பத்து நாலு, மாசி. பாலம் தாண்டி மூணாம் வீடு.
மண்ணெண்ணெய் ரெண்டு டின். பாக்கி 3.40.*
*மூக்கில் தழும்புக்காரன். அரிசி. மீன் தந்தான், கழிவு 5.*
*வெள்ளை நாய் வீடு. சீனி.*
*வெள்ளை நாய் வீடு, நாய் செத்துப்போச்சு. சீனி.*
*பிள்ளை பெத்த வீடு. பால்மாவு. எழுத வேண்டாம்.*

செங்கேணி, என் அப்பா,
தோட்டப் பள்ளியில் மூணாம் வகுப்பு.
எழுத வேண்டாம் என்பதையும் எழுதிவைத்தவர்.
ஆனால் ஒருத்தர் பேரையும் கேட்டதில்லை.
அவருக்குப் பிறகு லோரி ஓட்டிய நானும்
இருபத்து மூன்று வருஷமாகக் கேட்கவில்லை.

கோர்ட்டில் ஈப்போக்காரர் ஒருவர்
சத்தியம் செய்துவிட்டு மலாயில் பெயர்த்தார்.
'மூக்கில் தழும்புக்காரன்' என்று அவர் உரக்கச் சொல்ல
பின் பெஞ்சில் ஒருவர் எழுந்து நின்றார்.
மூக்கைத் தொட்டுக் காட்டினார்.
உட்காரச் சொன்னார்கள்.

பிறகு கம்பெனி வக்கீல் என் பக்கம் திரும்பினார்.
நீர் பிறந்தது?
கெம்பாஸ் டிவிஷன், ஆறாவது லயம்.
அங்கே இப்போது யார் இருக்கிறார்கள்?
யாருமில்லை.
இருந்தீர்கள் என்பதற்குப் புத்தகம் உண்டா?
கிராணியிடம் இருந்தது.
தோட்டத்தை விற்றபோது அதையும் சேர்த்து விற்றுவிட்டார்கள்.

நீதிபதி எதையோ குறித்துக்கொண்டார்.
என்னவென்று தெரியவில்லை.
மின்விசிறி மட்டும் கடகடவென்றது.

தீர்ப்பு இன்னும் வரவில்லை.
சனிக்கிழமை, கடை சாத்துகிற நேரம்,
அக்கரை ஊதாக் கதவு வீட்டுக்காரி
நாற்பத்தாறு வெள்ளியை ரப்பர் போட்டுச் சுருட்டி
தராசுத் தட்டில் வைத்தாள்.
கணக்கை அடி என்றாள்.

எதில் அடிப்பது?
புத்தகம் கோர்ட்டில்.
ஒரு கோடுகூடக் கிழிக்கக் கூடாதென்று
மிஸ் ஃபோங் கட்டளை.
நீ கட்டாத கடன்தான் நீ அங்கே இருந்ததற்குச் சாட்சி,
இருக்கட்டுமே என்றேன்.

கடன்காரியாகத்தான் இருக்க வேண்டுமா என்றாள்.
பணத்தை எடுக்கவில்லை.

பீரோவிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்தேன்.
முதல் பக்கம்.
பேனா 'ஊதாக் கதவு' என்று ஆரம்பித்து
'ஊ'விலேயே நின்றது.
பேர் என்ன என்று கேட்டேன்.

தேமாய்.

எழுதினேன். பற்று நாற்பத்தாறு, வரவு நாற்பத்தாறு.
தமிழ் தெரியாது அவளுக்கு.
நோட்டைத் தன் பக்கம் திருப்பி
இதில் எது நான் என்றாள்.
விரலை வைத்துக் காட்டினேன்.

குனிந்து பார்த்தாள்.
இவ்வளவு சின்னதா, என்றாள்.